கடந்த காலத்துக்குப் போனவன் முதல் பத்து நாளை எப்படிக் கழிப்பான்?

மணற்கடிகை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மூன்று வருடமாக ஒரு காலப்பயண நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகன் 32 வயது மின்பொறியாளர். சுமார் 600 ஆண்டு பின்னால் போய் விழுகிறான். திரும்பி வர வழியில்லை. போன மாதம் முதல் ஆறு அத்தியாயங்களை என் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "இவனுக்குப் பசிக்கவே பசிக்காதா?"

அன்றிரவு எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் அத்தியாயத்தில் அந்த ஊர் மொழியைப் பேசிவிடுகிறான். மூன்றில் ஊர்த்தலைவனைச் சந்திக்கிறான். நான்கில் செம்புக் கம்பியைச் சுற்றி விளக்கு எரிய வைக்கிறான். இதற்கு நடுவில் எங்கே படுத்தான், யார் சாப்பாடு போட்டார்கள், மாற்றுத் துணிக்கு என்ன செய்தான் என்று ஒரு வரி இல்லை. கம்பியை இழுத்துக் கொடுத்தது யார் என்றுகூட நான் யோசிக்கவில்லை.

நாவலை மறுபடி முதலிலிருந்து எழுதப்போகிறேன். அப்படிப் போனவன் உண்மையில் எப்படிப் பிழைப்பான், எதில் மாட்டுவான், எது தெரிந்திருந்தால் தப்பிப்பான்? இந்த வகைக் கதைகளை நிறையப் படித்தவர்கள், பழைய தொழில்கள் ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தீக்கல் எழுதியது:

பசிக்கு முன்னால் குளிர். முதல் இரவு தீ மூட்டினானா? எதை வைத்து?

சிக்கிமுக்கிக் கல்லில் தீ மூட்டப் பழகியவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கல்லின் விளிம்பு கத்திபோலக் கூராக இருக்க வேண்டும். எஃகுத் துண்டை அந்த விளிம்பில் உரசி, மேலிருந்து கீழே சீவுகிற மாதிரி அடிக்க வேண்டும். நேராக மோதினால் பொறி வராது. பொறி கல்லிலிருந்து வருவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் எஃகிலிருந்து சீவப்படும் துகள்தான் காற்றுப் பட்டு எரிகிறது. அது கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். அதைப் பிடித்துவைக்கக் கரித்துணி வேண்டும். பருத்தித் துணியைக் காற்றுப் புகாமல் அடைத்து நெருப்பில் வாட்டினால், தொட்டால் உதிரும் பதத்தில் கறுத்து வரும். அதன் மேல் பொறி விழுந்தால் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். மெல்லப் பரவும். அதை அப்படியே காய்ந்த நார்ப்பந்துக்குள் வைத்து, முகத்துக்கு நேரே பிடித்து, நிதானமாக நீள மூச்சாக ஊத வேண்டும். அவசரப்பட்டால் அணைந்துவிடும். புகை முதலில் மெலிதாக வரும், அப்புறம் மஞ்சள் தட்டித் தடிக்கும், பிறகு சட்டென்று பற்றிக்கொள்ளும்.

இது எனக்குக் கைவர ஆறு வாரம் ஆனது. நல்ல கல், நல்ல எஃகு, மழை படாத அறை, பார்த்துச் செய்ய வீடியோ எல்லாம் இருந்தும் ஆறு வாரம்.

இன்னொன்று. கரித்துணி செய்யவே நெருப்பு வேண்டும். அதனால்தான் பழைய காலத்தில் அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடி இரவெல்லாம் காப்பாற்றினார்கள். அணைந்துபோனால் பக்கத்து வீட்டில் வாங்கினார்கள். உரசினால் எரியும் தீக்குச்சி 1826இல்தான் வந்தது. உங்கள் ஆளுக்குத் தீ வேண்டுமென்றால் முதலில் ஒரு பக்கத்து வீடு வேண்டும்.

ஏட்டுப்புழு எழுதியது:

நண்பரே, "சுமார் 600 ஆண்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த இடம், எந்த ஆண்டு, எந்தப் பருவம்? அது முடிவாகாமல் யாராலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது. கடந்த காலம் என்று ஒரே ஊர் இல்லை. இருபது வருடம் முன்னே பின்னே போனாலே பஞ்சமா, போரா, கொள்ளைநோயா என்பது மாறிவிடும்.

போனவனுக்கும் அது எந்த ஆண்டு என்று தெரியாது. கேட்டால் யாரும் நாம் எண்ணுகிற எண்ணைச் சொல்ல மாட்டார்கள். பல நாடுகளில் இன்ன அரசரின் இத்தனையாவது ஆட்சியாண்டு என்றுதான் சொன்னார்கள். ஐரோப்பாவிலேயே 1582இல் நாட்காட்டியைத் திருத்தியபோது அக்டோபர் 4க்கு அடுத்த நாள் அக்டோபர் 15. பிரிட்டன் அதை ஏற்றது 1752இல்தான். நடுவில் கிட்டத்தட்ட 170 வருடம் கடல் தாண்டினால் தேதி மாறியது. தேதி தெரிந்துகொள்வதே உங்கள் நாயகனுக்கு ஒரு வாரத்து வேலை.

அப்புறம் மொழி. சொந்த மொழி பேசுகிற ஊருக்கே போனாலும் தப்பிக்க முடியாது. பழைய ஓலைச்சுவடிகளைப் பாருங்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது. எகர, ஏகார வடிவங்களை நாம் இன்று எழுதுகிற மாதிரி பிரித்துக் காட்டியது 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்தது. நன்றாகத் தமிழ் படித்தவர்கூட சுவடியைக் கையில் வாங்கினால் எழுத்துக்கூட்ட ஆரம்பிக்க வேண்டியதுதான். பேச்சு இன்னும் மோசம், ஏனென்றால் அதை நாம் கேட்டதே இல்லை. எழுத்தில் நின்றது ஒரு பங்குதான். சந்தையில் எப்படிக் கூப்பிட்டார்கள், குழந்தையை எப்படி அதட்டினார்கள் என்பதெல்லாம் காற்றோடு போய்விட்டது.

அதனால் முதல் பத்து நாளில் அவன் பேசக் கூடாது. கேட்க வேண்டும். தண்ணீர், வா, போ, வேண்டாம், யார் நீ. இந்த ஐந்து ஒலியும் பிடிபடுவதையே ஒரு அத்தியாயமாக எழுதலாம்.

பகலவன் எழுதியது:

எனக்கு ஒரு சின்ன மறுப்பு. இவ்வளவு கஷ்டத்தையும் எழுதினால் கதை எப்போது நகரும்? இந்த வகைக் கதையை நாம் படிப்பதே தெரிந்தவன் ஒருவன் தெரியாத உலகத்தில் என்ன செய்வான் என்று பார்க்கத்தானே. கிரகணம் வரும் நாளை முன்கூட்டியே சொல்லி எல்லோரையும் அசரவைக்கிற காட்சி எனக்கு இன்றும் பிடிக்கும். மார்க் ட்வைன் 1889இலேயே அதை எழுதிவிட்டார்.

ஏட்டுப்புழு எழுதியது:

பகலவன், அந்தக் காட்சி எனக்கும் பிடிக்கும். ஆனால் கேட்கிறேன், உங்களுக்கு எத்தனை கிரகணத் தேதி மனப்பாடம்? எனக்கு ஒன்றுகூடத் தெரியாது.

உண்மையிலேயே அதைச் செய்தவர் கொலம்பஸ். 1504 பிப்ரவரி 29, ஜமைக்கா. உணவு தர மறுத்த ஊர்மக்களிடம் நிலா மறையப்போகிறது என்று சொல்லிப் பயமுறுத்தினார். அவரிடம் ரெகியோமோண்டானஸ் என்ற வானியலாளர் கணித்த அட்டவணை அச்சுப் புத்தகமாகக் கையில் இருந்தது. அறிவு அந்தப் புத்தகத்தில் இருந்தது, கப்பலில் இருந்தது, அவரை அனுப்பிய அரசில் இருந்தது. வெறுங்கையோடு போகிறவனுக்கு இந்த மூன்றும் கிடையாது.

இரவுப்பணி எழுதியது:

நான் செவிலியர். இந்த வகைக் கதைகளில் மருத்துவம் தெரிந்தவர் போனால் உடனே எல்லோரையும் காப்பாற்றிவிடுவார். படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும், ஏனென்றால் அப்படி நடக்காது.

கையைக் கழுவச் சொல்வது ஒன்றுதான், அதைவிட எளிமையான அறிவு உண்டா? 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் அதைத்தான் சொன்னார். அவருடைய பிரசவப் பிரிவில் ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டு தாய்மார்கள் இறந்தார்கள். மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவ ஆரம்பித்த பிறகு, ஜூனில் அது இரண்டு சொச்சமாக இறங்கியது. எண்ணிக்கை கண் முன்னால் இருந்தது. அவர் மருத்துவர், அந்த ஊரில் வேலை பார்த்தவர், அவர்கள் மொழி பேசியவர். அப்படியும் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1865இல் மனநல விடுதியில் அடைக்கப்பட்டு அங்கேயே இறந்தார். எலுமிச்சைக் கதையும் இதேதான். ஸ்கர்வி (வைட்டமின் சி இல்லாமல் ஈறு கெட்டுப்போகும் நோய்) வந்த மாலுமிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து ஜேம்ஸ் லிண்ட் சோதித்தது 1747இல். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாறு தர உத்தரவிட்டது 1795இல். 48 வருடம்.

இதை அவநம்பிக்கையாகச் சொல்லவில்லை. சரியான விஷயத்தைச் சொல்வதற்கும் அதை ஒருவர் நம்புவதற்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது, கதை அந்தப் பள்ளத்தில்தான் நடக்க வேண்டும் என்கிறேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980இல். அதோடு தடுப்பூசியும் நின்றுவிட்டது. உங்கள் நாயகனுக்கு வயது 32. அதாவது அவன் உடம்பில் பெரியம்மைக்கு எதிராக எதுவுமே இல்லை. அவன் போய் விழுகிற ஊரில் முகத்தில் தழும்போடு இருக்கிற கிழவிக்கு மறுபடி அது வராது. இவனுக்கு வரும். அந்த ஊரில் வளர்ந்த ஆட்களிலேயே பலவீனமானவன் இவன்தான்.

பகலவன் எழுதியது:

இரவுப்பணி அக்கா, அந்தக் கடைசி வரி என்னை உலுக்கிவிட்டது. இப்படி யோசித்ததே இல்லை. பென்சிலின் மாதிரி ஏதாவது? பூஞ்சை எங்கும் கிடைக்குமே.

இரவுப்பணி எழுதியது:

பூஞ்சை கிடைக்கும், மருந்து கிடைக்காது தம்பி. ஃபிளெமிங் பார்த்தது 1928இல். அதை மருந்தாகப் பிரித்து ஆக்ஸ்போர்டு குழு ஒரு நோயாளிக்குக் கொடுத்தது 1941இல். அவர் ஒரு காவலர். உடம்பு தேறிக்கொண்டே வந்தது. மருந்து தீர்ந்தது. அவருடைய சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்துத் திரும்பக் கொடுத்தார்கள். அதுவும் தீர்ந்தது. இறந்துவிட்டார். ஒரு பல்கலைக்கழகமே பின்னால் நின்றும் அந்த நிலை.

ஒரே ஒரு விஷயம் செய்யலாம். பசு அம்மை. பால் கறப்பவர் கையில் கொப்புளம் கண்டால், அந்த நீரைத் தன் கையில் கீறி ஏற்றிக்கொள்ளலாம். 1796இல் ஜென்னர் என்ற மருத்துவர் ஒரு சிறுவனுக்குச் செய்தது அதுதான். ஆனால் பசு அம்மை எல்லா ஊரிலும் இருக்காது, கொப்புளமும் எப்போதும் இருக்காது. அவன் அதற்காக மாட்டுத் தொழுவம் தொழுவமாகப் போய் மற்றவர் கையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் ஊர் என்ன நினைக்கும்? இதை எழுதுங்கள் மணற்கடிகை. எனக்காகவாவது.

மணற்கடிகை எழுதியது:

எழுதுகிறேன் அக்கா. எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன். பதில்களைப் படிக்கப் படிக்க ஒன்று உறைக்கிறது. நான் அவனுக்கு என்ன தெரியும் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன். அவனை யாருக்குத் தெரியும் என்று எழுதவே இல்லை.

கரையோரம் எழுதியது:

மணற்கடிகை, நீங்கள் தொட்டுவிட்டீர்கள். இரண்டு நாளாக இதைத்தான் எழுத நினைத்துக்கொண்டிருந்தேன்.

போல் ஆண்டர்சன் 1956இல் எழுதிய 'தி மேன் ஹூ கேம் எர்லி' என்ற சிறுகதை. ஐஸ்லாந்தில் பணியில் இருக்கும் அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் ஆயிரம் வருடம் பின்னால் போய்விடுகிறான். கதையைச் சொல்வது அவனல்ல, அவனை வீட்டில் சேர்த்துக்கொண்ட ஐஸ்லாந்துக்காரர். அதனாலேயே நமக்கு எல்லாம் தலைகீழாகத் தெரிகிறது. அவன் பொறியியல் படித்தவன். பட்டறையில் உதவுகிறேன் என்று போய், பொருளைக் கெடுத்துவிட்டு வருகிறான். அவன் பழகிய கருவிகள் அங்கே இல்லை, அங்கே இருக்கும் கருவிகள் அவன் கைக்குப் பழக்கமில்லை. ஆனால் அவனை வீழ்த்துவது அது இல்லை. ஒரு சண்டையில் ஓர் ஆள் இறந்துவிடுகிறான். அந்தச் சமூகத்தில் கொலைக்கு ஈட்டுத்தொகை கொடுத்துப் பகையைத் தீர்க்கலாம். அதற்கு உறவினர் வேண்டும், நிலம் வேண்டும், பேசப் பெரியவர்கள் வேண்டும். அவனுக்கு யாருமே இல்லை. சட்டம் அவனைச் சூழ்ந்திருக்கிறது, ஆனால் அதற்குள் அவனுக்கு இடம் இல்லை.

ஆக்டேவியா பட்லரின் 'கின்ட்ரட்' (1979) இதையே இன்னும் ஆழமாகச் சொல்கிறது. டேனா 1976இல் கலிபோர்னியாவில் வாழும் கறுப்பினப் பெண். அவள் போய் விழுவது 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து மேரிலாந்தில், அடிமைப் பண்ணையில். தான் சுதந்திரமானவள் என்று காட்ட அவளிடம் எந்தக் காகிதமும் இல்லை. படிப்பு இருக்கிறது, அதுவே அவளுக்கு ஆபத்து. கூடப் போகிற வெள்ளைக்காரக் கணவருக்கு அதே இடம், அதே ஆண்டு, ஆனால் வேறு உலகம். கடந்த காலத்துக்குப் போவது எல்லோருக்கும் ஒரே பயணம் இல்லை. யாராகப் போகிறாய் என்பதை முதலில் கேட்க வேண்டும். உங்கள் நாயகன் எப்படி இருப்பான் என்று எழுதியிருக்கிறீர்களா? அவன் தோற்றத்தைப் பார்த்ததும் அந்த ஊர் அவனை எந்தத் திண்ணையில் உட்கார வைக்கும், எந்த வாசலில் நிறுத்தும்?

அவன் கையைக் கட்டாயம் பார்ப்பார்கள். உள்ளங்கையில் காய்ப்பு இல்லை. பெரிய வீட்டுப் பிள்ளையா, எழுத்து வேலை பார்ப்பவனா, ஓடிவந்தவனா? வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் கை அவனைப் பற்றிப் பேசியிருக்கும்.

என் யோசனை, அவனை ஒரு ஒதுக்குப்புறக் கிராமத்தில் விழவைக்காதீர்கள். துறைமுகத்தில், சந்தைக் கூட்டத்தில், யாத்திரை வழியில் விழவைத்தால் அவன் உயிரோடு இருப்பான். அங்கே புரியாத மொழி பேசுகிறவனைப் பார்த்து யாரும் திகைக்க மாட்டார்கள்.

பகலவன் எழுதியது:

சரி, நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஆனால் தெரிந்த அறிவு ஒன்றுமே உதவாது என்பதையும் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. டி கேம்ப் 1939இல் எழுதிய 'லெஸ்ட் டார்க்னஸ் ஃபால்' கதையில் பாட்வே 535ஆம் ஆண்டு ரோமில் வந்து விழுகிறான். தொல்லியல் படித்தவன், லத்தீன் ஓரளவு தெரியும். அவன் முதலில் என்ன செய்கிறான்? வட்டிக்கடைக்காரரிடம் கடன் கேட்கிறான். ஈடாக அவருடைய கணக்கர்களுக்குப் புது எண்களில், அதாவது நாம் இன்று எழுதுகிற 1, 2, 3 எண்களில், கணக்குப் போடக் கற்றுத்தருகிறான். அந்தப் பணத்தில் சாராயம் வடிக்கிறான். அவன் முயற்சியில் பல தோற்கவும் செய்கின்றன, வெடிமருந்து சரியாக வருவதே இல்லை. எனக்கு அது நம்பும்படி இருந்தது. பெரிய இயந்திரம் எதையும் தூக்கிக்கொண்டு வரவில்லை, பேனாவும் மையும் போதும் என்கிற அளவுக்கு ஒரு விஷயத்தை வைத்துத் தொடங்குகிறான்.

கரையோரம் எழுதியது:

நல்ல உதாரணம் பகலவன். நான் சொன்னதற்கு எதிரானதும் இல்லை. அவன் முதலில் ஒரு மனிதரைப் பிடிக்கிறான், பாருங்கள். கணக்கு அந்த மனிதருக்குப் போகும் வழி.

ஆனால் நிஜத்தில் அந்த எண்களுக்கு என்ன நடந்தது தெரியுமா? இத்தாலியக் கணித அறிஞர் ஃபிபோனாச்சி 1202இல் புத்தகமே எழுதி விளக்கினார். 1299இல் புளோரன்சில் பணமாற்றுவோர் சங்கம், கணக்கேட்டில் அந்த எண்களை எழுதக் கூடாது என்று தடை போட்டது. எண்ணைத் திருத்தி ஏமாற்றலாம் என்கிற பயம் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. முட்டாள்தனம் என்று தள்ள முடியாது. பழகாத எழுத்தை எப்படி நம்புவது? அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் நியாயம்தான். இந்த வகைக் கதைகளில் எனக்குப் பிடிக்காத ஒன்று, பழங்கால மனிதர்களை எல்லாம் விவரம் இல்லாதவர்களாகக் காட்டுவது. தீக்கல் சொன்ன தணலைக் காப்பாற்றும் வேலை, அதை ஐந்து வயதுப் பிள்ளை செய்திருக்கும். நம்மில் எத்தனை பேருக்கு வரும்?

நிலாமுற்றம் எழுதியது:

இழையை இப்போதுதான் பார்த்தேன். யாரும் தொடாத ஒன்று: நேரம்.

ரோமானியர் சூரியன் உதிப்பது முதல் மறைவது வரை உள்ள பகலைப் பன்னிரண்டாகப் பிரித்தார்கள். அதனால் அங்கே கோடையில் ஒரு மணி என்பது நம் கணக்கில் 75 நிமிடம் வரை போகும், குளிர்காலத்தில் 45 நிமிடமாகச் சுருங்கும். மணி என்பதே நீண்டு சுருங்குகிற ஊரில், "ஒரு மணி நேரத்தில் வருகிறேன்" என்று உங்கள் பொறியாளன் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்?

தூக்கமும் அப்படித்தான். தொழிற்புரட்சிக்கு முந்தைய ஐரோப்பாவில் பலர் இரண்டு தவணையாகத் தூங்கியதற்கான குறிப்புகளை ராஜர் எக்கெர்ச் என்ற வரலாற்றாசிரியர் தொகுத்திருக்கிறார். முதல் தூக்கம், நள்ளிரவில் கொஞ்ச நேர விழிப்பு, இரண்டாம் தூக்கம். அந்த விழிப்பில் பேசினார்கள், பிரார்த்தனை செய்தார்கள், சின்ன வேலைகள் பார்த்தார்கள். உங்கள் நாயகன் பல இரவு தூக்கமில்லாமல் தவிக்கட்டும். ஒரு நாள் நள்ளிரவில் அந்த வீட்டார் எழுந்து பேசிக்கொண்டிருப்பதைக் கேட்கட்டும். அவனும் எழுந்து போய் உட்காரட்டும். அதுதான் அவன் அந்த வீட்டுக்குள் நுழைகிற இடமாக இருக்கலாம்.

கடைசியாக ஒன்று. அவனுடைய மொழி. அங்கே அதைப் பேச யாருமே இல்லை. நான் சில வருடம் என் மொழி பேசுகிறவர் எவரும் இல்லாத இடத்தில் இருந்தேன். மூன்றாவது மாதத்தில் பாத்திரம் கழுவும்போது எனக்கு நானே சத்தமாகப் பேச ஆரம்பித்தேன். ஒரு நாள் சாதாரணமான ஒரு சொல், 'முறம்', எவ்வளவு யோசித்தும் வரவில்லை. உட்கார்ந்து அழுதேன். எனக்காவது போன் இருந்தது, ஊர் இருந்தது, திரும்பி வந்தேன். அவனுக்கு அந்தச் சொல் போனால் போனதுதான். பழகிக்கொள்வது என்று நாம் இங்கே பேசுவதில் பாதி, மறந்துபோவது. அதைத் தவறவிடாதீர்கள்.

மணற்கடிகை எழுதியது:

நிலாமுற்றம், உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. நன்றி.

முடிவு செய்துவிட்டேன். துறைமுக ஊர். மின்விளக்கு அத்தியாயத்தை முழுதாக எடுத்துவிட்டேன். புதிய தொடக்கத்தில் ஒரு துண்டைக் கீழே போடுகிறேன். தவறு இருந்தால் சொல்லுங்கள்.

"ஆறாம் நாள் காலையில் அவள் கதவைத் திறந்தபோதும் அவன் வாசலில்தான் நின்றிருந்தான். கையில் ஓர் உடைந்த ஓடு. எங்கிருந்து பொறுக்கினானோ. அவள் ஏதோ கேட்டாள். அவனுக்கு அதில் ஒரு சொல் மட்டும் பிடிபட்டது, யார் என்கிற சொல். பதில் சொல்லத் தெரியவில்லை. ஓட்டை நீட்டினான். அவள் ஓட்டைப் பார்க்கவில்லை, அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். தேய்ந்த நகமில்லை, வெடிப்பில்லை. உள்ளே போனாள். அடுப்புச் சாம்பலைக் கிளறும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, இரண்டு தணல் துண்டுகளை அவன் ஓட்டில் போட்டாள்."

இரவுப்பணி எழுதியது:

இவனுக்குப் பசிக்கிறது. தெரிகிறது.

தீக்கல் எழுதியது:

நன்றாக வந்திருக்கிறது. ஒரே ஒரு திருத்தம். வெறும் ஓட்டில் தணலைப் போட்டால் ஓடு சுட்டுக் கை தாங்காது. தணலும் காற்றில் போகிற வழியிலேயே எரிந்து தீர்ந்துவிடும். முதலில் ஓட்டில் ஒரு பிடி சாம்பலைப் பரப்பி, தணலை வைத்து, மேலேயும் கொஞ்சம் சாம்பலைத் தூவ வேண்டும். அதை அவள் செய்யட்டும். அவன் பார்த்துக்கொண்டு நிற்கட்டும்.